கடற்கரை ஊரில் வாடகை வீடு: நானும் மகளும் நாலு ஊர் பார்த்த கதை

“வீட்டுல எத்தனை பேரு தம்பி?”

“ரெண்டு பேரு, அண்ணாச்சி.”

“நீங்களும் வீட்டம்மாவுமா?”

“நானும் மகளும்.”

இதற்கப்புறம் ஒரு சின்ன மௌனம் வரும். புரோக்கர் கையில் இருக்கிற சாவி மெதுவாகச் சட்டைப்பைக்குள் போகும். “அவுக எங்க?” என்று கேட்பார். தவறி மூணு வருஷமாச்சு என்பேன். “அடடா” என்பார். “ஓனர்ட்ட கேட்டுட்டு போன் போடுதேன்” என்பார். போன் வராது. கணவனைப் பிரிந்து பையனோடு இருக்கும் தோழி ஒருத்தி, தனக்கு வந்த கேள்வியைச் சொன்னாள்: “ராத்திரி யாரும் வந்து போவாங்களாம்மா?” அதைக் கேட்டபிறகு எனக்குக் கிடைத்த மௌனமே தேவலை என்று தோன்றியது.

நான் மருந்துக் கம்பெனி ரெப். பாளையங்கோட்டையில் குடியிருந்தேன். போன வருஷம் என் லைனை மாற்றிக் கடற்கரைப் பக்கம் போட்டார்கள். தூத்துக்குடியில் ஆரம்பித்து ஆறுமுகநேரி, திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை, கடைசியில் கூடங்குளம். எதிர்வீட்டு ஆச்சி இருந்தவரை பாளையிலிருந்தே சமாளித்தேன். ஆச்சியை அவர் மகன் சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய வீட்டின் நடையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு முடிவு செய்தேன், லைனிலேயே ஏதாவது ஓர் ஊரில் குடியேறிவிடுவது என்று.

வீடு பார்க்க எல்லாரும் காலையில் போவார்கள். நான் நாலு மணிக்குப் போனேன். ரெப் வேலையில் டாக்டர்களை மதியத்துக்கு முன்னால் ஒரு தரம், சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு மேல் ஒரு தரம் பார்க்க வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம் அது. பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் தெருவில் யார் இருக்கிறார்கள், நான் திரும்பி வருகிற ஒன்பது மணிவரை பிள்ளை யார் கண்ணில் இருக்கும் என்பது வாடகையைவிடப் பெரிய கணக்கு. இரண்டாவது கணக்கு ராத்திரி இரண்டு மணி. மகளுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலருக்கு அடங்காவிட்டால் நெபுலைசர் வைக்க, குழந்தை டாக்டர் இருக்கிற இடத்துக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரலாம்? கடல் தெரிகிற மொட்டை மாடியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மனசு முதலில் போனது உவரிக்கு. மகளின் பெரியம்மா திசையன்விளையில் இருக்கிறார், பைக்கில் கால் மணி நேரம். மூணு ரூம், முற்றம், இரண்டு தென்னை, வாடகை 3,500. வீட்டுக்காரர் மும்பையில். சாவி அவருடைய அம்மாவிடம். அந்த ஆச்சி எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: “பிள்ளைக்குத் தல பின்னத் தெரியுமாய்யா ஒனக்கு?” தெரியும் என்றேன். மகளைத் திருப்பி நிறுத்திப் பின்னலை இழுத்துப் பார்த்துவிட்டு, “ம், பரவால்ல” என்றார்.

நாலு மணித் தேர்வில் உவரிக்கு நூற்றுக்கு நூறு. தெருவில் வலை பின்னுகிறவர்கள், திண்ணையில் பெண்கள், மணலில் பிள்ளைகள். பத்து நிமிஷத்துக்குள் மூணு பேர் என் மகளிடம் “நீ யாரு வீட்டுப் பிள்ள?” என்று கேட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆனால் அந்தோணியார் கோவிலுக்குக் கூட்டம் வரும். சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்கு வருகிறவர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மண்ணைச் சுமந்து கொட்டி நேர்ச்சை செலுத்துவார்கள். வெளியூர் முகத்தைப் பார்த்துப் பழகிய ஊர். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், குடியிருக்கிறவர்கள் இல்லை. ‘டு லெட்’ அட்டை அங்கே எங்கேயும் நான் பார்க்கவில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் வீடு.

அப்புறம் சன்னல் கம்பியைப் பார்த்தேன். வீடு கட்டி எட்டு வருஷம்தானாம். பைக் சாவியால் லேசாகச் சுரண்டியதும் பெயிண்டோடு சேர்ந்து துரு அப்பளம் மாதிரி உரிந்து கையில் வந்தது. கடலை ஒட்டின வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, பைக் செயின் எல்லாவற்றுக்கும் ஆயுசு பாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை சேர்த்த சாமான்களையெல்லாம் இன்னொரு தரம் வாங்க வேண்டும், இருப்பதோ ஒரே சம்பளம். சரி, அதைக்கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது ஆடிக் காற்று. பின்னால் கிடப்பது தேரிக்காடு. செக்கச்செவேல் என்ற மணல், காற்று எடுத்தால் புகை மாதிரி எழும்பும். ஆச்சியே சொன்னார், “ஆடியில சோத்துப் பானையத் தொறக்க முடியாதுய்யா.” இளைப்பு உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் மூணு மாசம் சன்னலை அடைத்தே வாழ வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் முதலில் திசையன்விளை. அங்கே கைவிரித்தால் நாகர்கோவிலோ திருநெல்வேலியோ. எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்து, பிள்ளைக்கு உடம்பு நன்றாக இருந்து, வேலையும் அந்த வட்டாரத்திலேயே இருந்தால் உவரியை விடாதீர்கள். எனக்கு மூன்றில் ஒன்றுதான் சரியாக இருந்தது.

மணப்பாட்டை நான் ஓர் ஆசைக்காகத்தான் பார்த்தேன். குன்று மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். இந்த லைனிலேயே அழகான ஊர் அதுதான், சந்தேகமே இல்லை. பெரிய பெரிய பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் வாடகைக்கு விடுகிற வீடு இல்லை. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, சுற்று வட்டாரத்தில் யாரிடம் வீடு கேட்டாலும் பேச்சு நிலம் விற்பதில் போய் நிற்கிறது.

கூடங்குளத்தில் நான் நினைத்தது ஒன்று, இருந்தது ஒன்று. கிராமம்தானே, வாடகை குறைவாக இருக்கும் என்று போனேன். அணு உலை ஊரில் அப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. இன்னும் நாலு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தர ஊழியர்களுக்குச் செட்டிகுளத்தில் அணுவிஜய் நகரியம் இருக்கிறது. கட்டுமான ஒப்பந்த ஆட்கள் வெளியேதான் தங்க வேண்டும். அதனால் வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு வாடகை சொல்வதில்லை, தலைக்குச் சொல்கிறார்கள். இரண்டு ரூம் வீட்டில் எட்டு ஆள் தங்கினால் எவ்வளவு வரும் என்பது அவர்கள் கணக்கு. நான் ஒன்றரை ஆள். “ஒங்களுக்குக் குடுத்தா எனக்குக் கட்டாது தம்பி” என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

நாலு மணிக்கு அந்தத் தெருவில் ஷிப்ட் முடிந்த ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். இந்தி, ஒடியா, வங்காளம். உழைத்துக் களைத்த நல்ல முகங்கள்தான். ஆனால் திண்ணையில் ஒரு பொம்பளை முகம்கூட இல்லை. ஒன்பது வயது என்பது நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு. பிள்ளை பெரியமனுஷி ஆகிற அன்றைக்கு நான் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்காக நின்றுகொண்டிருப்பேன். அன்றைக்கு ஓடிப் போய்ச் சொல்ல ஒரு வீடு வேண்டும். உலையைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள், பயமில்லையா என்று. நான் அந்த யோசனைக்கே வரவில்லை, அதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று வந்துவிட்டேன். திருநெல்வேலிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் என்பது இன்னொரு காரணம்.

இனி திருச்செந்தூர். இதைத்தான் நான் பிடிவாதமாக நினைத்திருந்தேன். ரயில் உண்டு, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ஓயாத பஸ் உண்டு, பள்ளிக்கூடங்கள் உண்டு, பெண்பிள்ளை வளர்ந்தால் பக்கத்திலேயே மகளிர் கல்லூரிகூட உண்டு. குழந்தை டாக்டர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். வாடகை 7,000. நாழிக்கிணற்றைத் தவிர ஊரில் மற்றதெல்லாம் உப்புத் தண்ணி என்று கேலியாகச் சொல்வார்கள். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். எல்லாம் பேசி முடித்தபிறகு சொன்னார்: “சஷ்டி ஆறு நாளும் முன்ரூமை மட்டும் விட்டுத் தரணும் தம்பி. வருஷா வருஷம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வரும்.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊரின் பொருளாதாரமே அதுதான். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், மாசித் திருவிழா, ஆவணித் திருவிழா, இது போக நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் அது ஒரு திருவிழா. ஒரு ரூமை நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பதை மாச வாடகையில் பார்க்க முடியாது. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் அந்த ஆறு நாளும் தெரியாத குடும்பம் முன்ரூமில், என் பிள்ளை உள்ரூமில், நான் உடன்குடியில். நாலு மணித் தேர்வை விடுங்கள், கூட்ட நாளில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். இளைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதா?

திருச்செந்தூரைப் பற்றி யோசிக்கும்போது எல்லாரும் மறக்கிற ஒன்று ஆறு. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றுக்கு வடக்கே தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே திருச்செந்தூர். நடுவில் 40 கிலோமீட்டர், சாதாரண நாளில் ஒரு மணி நேரம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது நினைவிருக்கும். ஏரல் பாலத்தில் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. தெற்குப் பக்கம் தனித் தீவாகக் கிடந்தது. அப்படி ஒரு மழை அடிக்கடி வராது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஆற்றுக்கு எந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம் வீடு என்று பார்க்காமல் இனி நான் இந்தக் கரையில் குடிபோக மாட்டேன்.

காயல்பட்டினத்தைத் தனியாகச் சொல்ல ஆசை. சாயங்காலக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே மனசு ஆறும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார் என்பது அங்கே வழக்கம். பெண்கள் போய்வர வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகளே உண்டு. தனியாக வாழும் ஒரு தாய்க்கு ஊருக்குள் சொந்தம் இருந்தால் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. மனைவி இல்லாத வெளியூர் ஆம்பிளைக்கு அந்த முடுக்கில் என்ன வேலை? கேட்கவே இல்லை, வந்துவிட்டேன்.

மிச்சம் தூத்துக்குடி. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்காத ஊர். அனல்மின் நிலையம் பக்கம் துணி காயப்போட முடியாது என்பார்கள், லாரிகள் ஓயாது, வெயில் உப்பளத்தில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். வாடகையும் கூட, மில்லர்புரம், போல்பேட்டை பக்கம் இரண்டு ரூம் வீட்டுக்கு 9,000-க்குக் குறைந்து பேச்சே இல்லை. மழைக்காலத்தில் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். ஒரு வீட்டில் புதுசாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். சாய்ந்த வெயில் சுவரில் பட்டபோது முழங்கால் உயரத்தில் நேர்கோடாக ஒரு திட்டு, பெயிண்டுக்கு அடியிலிருந்து தெரிந்தது. வெள்ளம் நின்ற கோடு. நாலு மணிக்கு வீடு பார்ப்பதில் இப்படியும் ஒரு லாபம். பகல் வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது.

நாலு மணித் தேர்விலும் தூத்துக்குடி பெயில்தான். கதவெல்லாம் சாத்தியிருக்கும். ஆனால் மற்ற கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். என் டாக்டர்களில் பாதிக்கு மேல் இங்கேதான். அதனால் வாரத்தில் நாலு நாள், மதிய வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளை வரும்போது கதவைத் திறக்க முடியும். டீ போட்டுக் கொடுத்து, கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு ஆறரைக்குக் கிளம்பலாம். மற்ற எந்த ஊரில் இருந்தாலும் இது வாரத்துக்கு ஒரு நாள்தான். ஐந்து மணி நேர இடைவெளி இரண்டரை மணி நேரமாகச் சுருங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். இந்த இரண்டுக்காக மாசம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். ஊரைத் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டு, நாலு மணிக்குத் திறந்திருக்கிற ஒரு கதவைத் தேட ஆரம்பித்தேன்.

பணக் கணக்கில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஒத்திக்கு வீடு கொடுப்பது உண்டு. மூணு லட்சம், நாலு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கும். ஒற்றைச் சம்பளக்காரர் கையிருப்பை அதில் போடாதீர்கள். அவசரத்துக்கு அந்தப் பணம் வராது, வீட்டுக்காரருக்கு அடுத்த ஆள் கிடைத்தால்தான் வரும். வாடகை என்றால் எழுதி வாங்குங்கள். 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாசம் கேட்டவரிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் மெட்ராஸ்ல தம்பி” என்றார். தூத்துக்குடிக்கும்தான் அண்ணாச்சி என்றேன். ஐந்தில் வந்து நின்றார், எனக்கும் அதற்கு மேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது மீட்டர் இருக்கிறவருக்குத்தான். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்குச் சொல்வதுதான் விலை.

பள்ளிக்கூடம் தேடும்போது காலைச் சாப்பாட்டையும் பாருங்கள். தனியாளுக்குக் காலை ஏழு முதல் எட்டரை வரை எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஐந்தாம் வகுப்பு வரைக்குமான காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, அடுத்த வருஷம் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு, 2025-இல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, நான் செய்வதைவிட ருசி என்கிறாள் மகள். மெட்ரிக் பள்ளியில் சேர்த்தால் அது கிடையாது. நான் உதவிபெறும் பள்ளியில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வெளியில் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது தாய்மார்களுக்கு மாசம் ஐநூறாவது மிச்சம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடைசியில் கிடைத்த வீடு மாடியில், வாடகை 9,500. என் கணக்குக்கு ஐநூறு கூடுதல். கடல் தெரியாது. மொட்டை மாடியில் ஏறினால் தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் தெரியும், அவ்வளவுதான். நாங்கள் போனபோது மணி நாலே கால். கீழ்வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலை ஒட்டித் தையல் மெஷின், சுற்றிலும் வெட்டுத் துணி. கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, இரண்டு பையன்களும் வெளியூரில் படிக்கிறார்களாம். ஒன்பது மணி வரைக்கும் மெஷின் ஓடும் என்றார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: சாயங்காலம் இரண்டரை மணி நேரம் பிள்ளை உங்கள் கண்ணில் இருக்க வேண்டும், சும்மா வேண்டாம், மாசம் இரண்டாயிரம் தருகிறேன். “துட்டு கெடக்கு அண்ணே, அதப் பொறவு பேசுவோம்” என்றவர் மகளைப் பார்த்தார். “எந்த ஸ்கூலுடா சேரப் போற? யூனிபார்ம் தச்சாச்சா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“இங்க வா, கைய விரி.”

அவள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அக்கா தோளிலிருந்து டேப்பை வைத்து அளந்துவிட்டு, “ரெண்டு இஞ்ச் விட்டே தைக்கேன், வளருத பிள்ள” என்று நோட்டில் எழுதினார். நான் மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்தேன்.